உப்புக்கண்டம் போட்ட யானை

ஏப்ரல் 7, திங்கள்

பாளையங்கோட்டை மாநகரமே, செவி கொடு! மாசிலாமணியாகிய நான், டூரிஸ்ட் வேன் ஓட்டியே கிழவனானவன், குமரியிலிருந்து குற்றாலம் வரை உள்ள அத்தனை பாறைகளுக்கும் என் சொந்தச் செலவில் புதுப்புது வரலாறு வழங்கியவன், இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். விருப்பப்பட்டு அல்ல. என் தங்கை ஹெப்சியின் வீட்டில் சட்டம் அப்படி. இங்கே சோறு தின்கிற எல்லோரும் தினமும் ஏதாவது எழுதியாக வேண்டும். அவள் மகன், ஏழு வயது ஆசேர் எழுதுகிறான். அவன் அக்கா, பத்து வயது கெசியா எழுதுகிறாள். நான் மட்டும் சும்மா இருந்தால் மதியம் என் தட்டில் மீன் துண்டு சுருங்கிவிடுகிறது.

கண்ணில் புரை அறுத்த பிறகு, தனியாகக் கிடக்க வேண்டாம் என்று போன மாதம் என்னை இங்கே கொண்டுவந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, இது வீடு மாதிரி வேஷம் போட்ட பள்ளிக்கூடம். சாப்பாட்டு மேஜையில் உலக வரைபடம். குளியலறைக் கதவில் வாய்ப்பாடு. சோபாவில் உட்காரப்போனால் அடியிலிருந்து ஒரு கதைப் புத்தகம் "ஐயோ" என்கிறது. காலையில் ஜெபம், பாட்டு, பிறகு வாசிப்பு. ஹெப்சி ஒரு கதையை ஒரே ஒரு தடவை வாசிப்பாள். புத்தகத்தை மூடுவாள். பிள்ளைகள் எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இதுதான் இந்தச் சர்வகலாசாலையின் ஒரே பரீட்சை.

இதற்கெல்லாம் காரணம் கெசியா. முன்னே பள்ளிக்கூடம் போனவள்தான். அங்கே இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் கேள்வி கேட்டால் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் பிராண்டிக்கொண்டு நிற்பாளாம். ஊமைச்சி என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஹெப்சி தன் டீச்சர் வேலையை விட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கதையைத் திருப்பிச் சொல்லித் திருப்பிச் சொல்லித்தான் பிள்ளைக்கு வாய் திறந்தது.

மஸ்கட்டில் இருக்கிற ஹெப்சியின் புருஷன் எட்வின் மாப்பிள்ளைக்கு இதில் அரை மனசு. மே மாதம் லீவில் வருகிறான். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஜூனிலிருந்து வீடா பள்ளிக்கூடமா என்று தீர்ப்பு.

ஏப்ரல் 9, புதன்

ஹெப்சிக்குத் தலைவலி. வாசிப்புப் பொறுப்பு என் தலையில். ஓர் ஆமை சந்தைக்குப் போகிற கதை. நல்ல கதைதான், ஆனால் அந்த ஆமை போகிற வேகத்துக்கு நான் தூங்கிவிடுவேன் போலிருந்தது. எனவே அதை வள்ளியூரில் பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் "ஓட்டுக்குத் தனி டிக்கெட்" என்றார். வாக்குவாதம் வந்தது. பஸ் கவிழ்ந்தது. ஆசேர் விழுந்து விழுந்து சிரித்தான்.

மத்தியானம் ஹெப்சி எழுந்து வந்து, "கெசியா, இன்னிக்கு என்ன கதை? சொல்லு" என்றாள். கெசியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆமையில் தொடங்கி, கண்டக்டரின் மீசை வரை, நான் இருமிய இடத்தில் அவளும் நிறுத்தி, அப்படியே ஒப்பித்தாள். ஹெப்சி புத்தகத்தைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, புஸ்தகத்துல பஸ் எங்க இருக்கு?"

"அடுத்த பதிப்புல வரும்."

"சிரிக்காதீங்க. அவ நீங்க சொல்லுததக் கதைன்னு எடுக்கல. அப்படியே உள்ளதுன்னு எடுத்துக்கிடுதா. அவியப்பா வார நேரம். இனிமே இல்லாததச் சொல்ல மாட்டேன்னு எனக்கு ஒரு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். மகா கம்பீரமாகக் கொடுத்தேன். பாண்டிய மன்னன்கூட அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்க மாட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

மீன் துண்டு இன்று கண்ணுக்கே தெரியவில்லை. டாக்டர் அறுத்தது சரியில்லையோ என்று சந்தேகப்பட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கூந்தன்குளம் போனோம். என் வேன், என் சாரத்தியம். ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கொடியில் துணி காயப்போடுகிற அம்மாவின் தலைக்கு மேலே கொக்குக் குடும்பம் ஒன்று சண்டை போடுகிறது. யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை.

ஹெப்சி ஒரு வேப்ப மரத்தடியில் பாய் விரித்து, "ஆளுக்கு ஒரு பறவை. அதையே பாக்கணும். பேசக் கூடாது. அப்புறம் சொல்லணும்" என்றாள். எனக்கும் ஒரு பறவை கொடுக்கப்பட்டது. நான் அதைப் பார்த்தபடியே உறங்கிவிட்டேன்.

எழுந்தபோது கெசியா சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் நாரை வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றியதாம். ஒரு குஞ்சு மட்டும் ஓரத்தில் இருந்ததால் அதற்கு விழவில்லையாம். தாய் திரும்பவும் குளத்துக்குப் போனதாம். வரும்போது முதலில் அந்த ஓரத்துக் குஞ்சுக்குத்தான் ஊற்றியதாம். "அது கழுத்த இப்படி நீட்டுச்சும்மா" என்று தன் கழுத்தை நீட்டிக் காட்டினாள். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று கேட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்நியர் முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஹெப்சி பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சர்ச்சில் மும்மணி ஆராதனை, முழுசாக மூன்று மணி நேரம். லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒவ்வொருவர் ஒவ்வொன்றை விடுவார்கள். நான் கதை விடுவதை விட்டிருந்தேன். உடம்பு இளைத்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

தூத்துக்குடி உப்பளம். ஹெப்சிக்குச் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் இருந்ததால், பிள்ளைகளோடு நான் மட்டும். உப்பைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "நாலு பக்கம்தான் அண்ணே. அங்கன வச்சு வாசிங்க" என்றாள்.

உப்பளத்து மேஸ்திரி நல்ல மனுஷர். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டுவது, வெயில் அதைக் குடிப்பது, மிஞ்சிய உப்பைப் பலகையால் இழுத்துக் குவிப்பது எல்லாவற்றையும் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் நாங்கள் மூன்று பேர், வெயில், பிறகு மேலும் கொஞ்சம் வெயில். அன்றைக்கு அங்கே அடித்த வெயிலில் என் நிழலே வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆசேர் அழத் தொடங்கினான். புத்தகத்தைத் திறந்தேன். வாசிக்கிற கண்ணாடியைப் பாளையங்கோட்டையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எழுத்தெல்லாம் எறும்பு.

அதனால், அழுகிற குழந்தையை முன்னிட்டு மட்டும், ஒரு யானையை வரவழைத்தேன்.

1827ஆம் வருஷம். வில்லோபி துரை என்று ஒரு வெள்ளைக்காரர், தன் ராஜாவுக்கு யானை ஒன்றைப் பரிசாக அனுப்ப ஆசைப்பட்டார். கப்பல் வருவதற்குள் யானை மண்டையைப் போட்டது. துரை கலங்கவில்லை. நூறு வண்டி உப்பைக் கொட்டி, யானையை உப்புக்கண்டம் போட்டார். கப்பல்காரன் வந்து மோந்து பார்த்துவிட்டு, "கருவாடு ஏற்ற மாட்டேன்" என்றான். ஆகவே யானை இங்கேயே, இந்தப் பாத்திக்கு அடியிலேயே நிற்கிறது. கோடையில் தண்ணீர் நன்றாக வற்றினால் தும்பிக்கை நுனி மட்டும் தெரியும். தூத்துக்குடி உப்புக்கு ஒரு கம்பீரம் இருக்கிறதே, அது அதனால்தான்.

ஆசேர் அழுகையை மறந்து பாத்தி பாத்தியாகத் தும்பிக்கை தேடினான். கெசியா மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, இது உள்ளதா?"

"பின்னே? என் வேன் மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது மாமா. ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க, போதும்."

"ஆமா."

தலையாட்டினாள். வீடு வந்ததும் ஹெப்சி, "என்ன பாத்தீங்க?" என்று கேட்டபோது ஆசேருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அந்தக் கலவரத்தில் யாரும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. யானை தப்பித்தது.

மே 3, சனி

எட்வின் மாப்பிள்ளை வந்து இறங்கினான். பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம். ஒரு பாலைவனத்தையே உலுக்கிக் கொண்டுவந்திருக்கிறான். கெசியா அவன் முன்னால் நின்று, "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். போனிலும் அவ்வளவுதான் பேசுவாளாம்.

"இப்பவும் அப்படியேதான இருக்கா, மச்சான்?" என்றான் என்னிடம்.

"மாப்பிள்ளை, நாளைக்குப் பாருங்க" என்றேன்.

மே 4, ஞாயிறு

சர்ச் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். எட்வினின் அண்ணன் தர்மராஜ் சாரும் வந்தார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் என்ற ஒன்று இல்லாமல் சூரியன் உதிப்பதையே ஏற்காதவர். பிரியாணி பரிமாறினார்கள்.

சாப்பாட்டின் நடுவில் அவர், "கெசியா, இங்க வாம்மா. உப்பளம் போனீங்களாமே. உப்பு எப்படி விளையுது? பெரியப்பாவுக்குச் சொல்லு பாப்போம்" என்றார்.

கெசியா வந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டினாள். கண்ணை மூடினாள். சொன்னாள். கடல், பாத்தி, வெயில், காற்று, முதலில் தண்ணீர் மேல் ஏடு போல மிதப்பது, பிறகு அது கனத்து அடியில் உட்காருவது. மேஸ்திரி பலகையை இழுத்தபோது கேட்ட சத்தத்தை வாயால் செய்து காட்டினாள். அறையில் எட்டு ஒன்பது பேர். யாரும் மெல்லவில்லை. எட்வினின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. கண் நிறைந்துவிட்டது. தர்மராஜ் சாரே, "பலே!" என்றார்.

"இன்னும் இருக்கு பெரியப்பா" என்றாள் கெசியா.

இருந்தது. 1827ஆம் வருஷம் இருந்தது. வில்லோபி துரை இருந்தார். நூறு வண்டியும் இருந்தது. ஒரு வண்டி குறையவில்லை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் முடிவு வரை சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கதையா இது?" என்றார் தர்மராஜ் சார்.

"இல்ல பெரியப்பா. உள்ளது."

"புஸ்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"அம்மா சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னா?"

கெசியா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் வாயில் அப்போது ஒரு பெரிய எலும்புத் துண்டு இருந்தது. அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தேன். மின்விசிறி வேறு கடகடவென்று சத்தம் போட்டது.

"நானே சொன்னேன்" என்றாள் கெசியா.

எட்வின் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மே 6, செவ்வாய்

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். வாயில் எலும்பு இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தேன்.

மே 7, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம். எட்வின் சத்தம் போடவில்லை. "வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சா பிள்ளை தனக்குள்ளயே கத கட்டிக்கிடும், ஹெப்சி. கட்டுனதையும் உள்ளதுன்னு நின்னு சாதிக்கா. நாலு பிள்ளைகளோட பழகுனாத்தான் தெளியும்" என்றான். பிள்ளையின் மேல் உள்ள பயத்தில் சொன்னான். அதனால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

சாயங்காலம் கெசியா கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மாமா. பெரியப்பா கேட்டாவ. யாராவது பதில் சொல்லணும்லா."

கொத்தில் ஓர் இலை மிச்சமில்லாமல் உருவினாள். "யானை உள்ளதுதான மாமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உலகத்தில் நான் சொன்ன சொற்களிலேயே சின்னது அது. அதைச் சொல்லவே எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. அவள் அழவில்லை, கோபப்படவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 8, வியாழன்

அடுப்படியில் ஹெப்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் அண்ணே."

"எப்படி?"

"வில்லோபி துரைன்னு பேரு வந்த உடனேயே தெரிஞ்சு போச்சு. இந்த ஜில்லாவுல வேற யாரு வாயில அப்படியெல்லாம் பேரு வரும்?"

"அப்ப நீ சொல்லியிருக்கலாம்லா ஹெப்சி."

"அவிய அண்ணன் முன்னால, அத்தன பேரு முன்னால, எங்க அண்ணன் பொய் சொல்லுதாருன்னு நான் சொல்லணுமா? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." தோசையைத் திருப்பிப்போட்டாள். அது ஏற்கெனவே கருகியிருந்தது. "இப்ப நான் போய்ச் சொன்னா, பிள்ளைகள வீட்டுல வச்சுக்கிட ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுதோம்பாக."

அந்தக் கருகிய தோசையை நான் சாப்பிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

மாப்பிள்ளையை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சை நிமிர்த்தி, "எட்வின், அந்த யானை என் யானை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், மருமவளுக்காக நீங்க பழிய ஏத்துக்கிடுதீங்க. எனக்குப் புரியுது."

"பழி இல்ல மாப்பிள்ளை, உண்மை. உப்பளத்துல வச்சு நான்தான் சொன்னேன். கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டேன். ஆசேர் அழுதான். வெயிலு அப்படி, என் நிழலே வேனுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு..."

"பாத்தீங்களா" என்று என் தோளைத் தட்டினான். "உங்களுக்குக் கத சொல்லாம இருக்க முடியாது. அவகிட்டயே நேத்தும் கேட்டேன். நானேதான்ப்பா சொன்னேன்னா. அவ சின்னப் பிள்ளை, ஒப்புக்கிட்டா. நீங்க பெரிய மனுஷன், அவளுக்குப் பொய் சொல்ல வழி காட்டாதீங்க மச்சான்."

நான் ஆசேரைக் கூப்பிட்டேன். ஆசேர் வந்து, "ஆமாப்பா, மாமாதான் சொன்னாவ. நான் தும்பிக்கையப் பாத்தேன்" என்றான். அதோடு என் வழக்கு தள்ளுபடியானது.

ஊர் ஊராக வண்டி வண்டியாகப் பொய் விற்றபோது ஒருவனும் ரசீது கேட்டதில்லை. ஒரே ஒரு உண்மையைக் கொண்டுபோனேன், செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மே 17, சனி

சீருடைத் துணி எடுத்தார்கள். ஆசேருக்குத் தலைகால் புரியவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டே தூங்கினான்.

ஹெப்சி கதைப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். உயரமானவை கீழே, சின்னவை மேலே. நான் கயிறு பிடித்தேன். ஆமைக் கதை என் கையில் வந்தபோது வாங்கி உள்ளே வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மே 28, புதன்

எட்வின் புறப்பட்டுப் போனான். மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினான்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. வேனில் நானே கொண்டுவிட்டேன். கேட்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆசேர் அந்தக் கூட்டத்தில் கலந்து காணாமல் போய்விட்டான். கெசியா பையை முன்பக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே மத்தியானம் வரை வேனை நிறுத்தியிருந்தேன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. வேனுக்கு ஆயில் மாற்றினேன். கெசியா இரவுச் சாப்பாட்டில் ஊறுகாய் வேண்டும் என்று கையால் காட்டினாள்.

ஜூன் 20, வெள்ளி

பெற்றோர் கூட்டம். ஹெப்சியும் நானும் போனோம். கெசியாவின் கிளாஸ் டீச்சர் சின்னப் பெண், சிரித்த முகம். ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக் களைத்திருந்தாள்.

"கெசியாவா? தங்கமான பிள்ளைங்க. இருக்கா இல்லையான்னே தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் இப்படி இருந்துட்டா எனக்குத் தொண்ட வத்தாது" என்றாள்.

"கேட்டா பதில் சொல்லுதாளா?" என்றாள் ஹெப்சி.

"எழுதிக் காட்டிருவா. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

ஹெப்சி நன்றி சொன்னாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த மேஜைக்குப் பக்கத்தில் முதல் பெஞ்ச். அதன் ஓரத்தில், உட்காரும் பிள்ளையின் வலது கை படுகிற இடத்தில், மரம் வெளுத்துப் பிராண்டியிருந்தது. ஹெப்சி அதன் மேல் கையை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேனுக்கு நடந்தோம்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஆசேர் ஓயாமல் பேசினான். யார் யாரைக் கிள்ளினான், யாருடைய டிபனில் முட்டை இருந்தது, எல்லாம் சொன்னான். கெசியா ஜன்னல் ஓரம் இருந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கு இன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா."

சாயங்காலம் எட்வின் போன் பண்ணினான். டீச்சர் சொன்னதை ஹெப்சி அப்படியே சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. நாலு மாசமாகத் தூங்காதவன் தூங்கி எழுந்தது போல.

"நல்ல பேரு வாங்கிட்டாளாமே மச்சான். நான் பயந்துகிட்டே இருந்தேன். பிள்ளை சந்தோஷமா இருக்காளா?"

கடல் தாண்டி இருக்கிறான். லீவு முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நம்புகிறவனும் இல்லை.

"இருக்கா மாப்பிள்ளை" என்றேன்.

யானை இல்லை, துரை இல்லை, ஒரு வண்டி உப்புகூட இல்லை. என் வாழ்நாளிலேயே இவ்வளவு சின்னதாக நான் ஒரு பொய் சொன்னதில்லை. அவன் உடனே நம்பிவிட்டான்.